வியாதிப் படுக்கையும் தேவ சித்தமும்

கடவுள் சர்வ வல்லமை உள்ளவர், அண்ட சராசரங்களையும் தம் சித்தப்படியே ஆண்டு நடத்துகிறவர் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையோடு சேர்ந்து நின்று அறிக்கையிடுவது ஒன்று. வைத்தியர் பரிசோதனைத் தாள்களை மடித்து வைத்துவிட்டு, நோயாளியின் மூத்த மகனை மட்டும் தனியே அழைத்துப் பேசுகிற வேளையில், அதே அறிக்கையின்மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்துச் சாய்வது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடந்தவர்கள் எப்படிக் கடந்தார்கள், கடக்க முயன்று தடுமாறியவர்களுக்குத் திருச்சபை என்ன துணை செய்தது, துணை செய்வதாக எண்ணிக்கொண்டு சில வேளைகளில் என்ன தீங்கு செய்தது என்பவற்றை, வேதாகம காலம் தொட்டு நம் காலம் வரையில் ஒருவாறு தொகுத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். துன்பம் ஏன் உண்டாயிற்று என்னும் தத்துவ விசாரம் மிகப் பழமையானது; அதைப் பற்றி எழுந்த கிரந்தங்களும் அநேகம். அதை இங்கே விரிக்கப் போவதில்லை. படுக்கையில் கிடப்பவனுக்கு அவ்விசாரத்தில் மனம் செல்லுவதும் அரிது. நோய் வந்துவிட்டது, மரணம் வாசலில் நிற்கிறது. இந்நிலையில் தேவனுடைய ஆளுகையை நம்புவதென்றால் என்ன செய்வது, என்ன செய்யாதிருப்பது என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இக்கேள்வியை எடுத்தவுடன் எவர்க்கும் நினைவுக்கு வருவது யோபுவின் சரித்திரம். உடம்பெல்லாம் புண்ணாகி, ஓட்டுத்துண்டு ஒன்றால் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருந்த அந்த மனிதனைத் தேற்ற வந்த மூன்று சிநேகிதர்கள், ஏழு நாள் இரவும் பகலும் வாய் பேசாமல் அவனோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றுள் சிறந்தது அந்த ஏழு நாள் மௌனமே. பிறகு பேசத் தொடங்கினார்கள். அவர்கள் பேசிய வாக்கியங்களைத் தனித்தனியே எடுத்து நோக்கினால் பலவற்றில் குற்றம் காண்பது கடினம்; கடவுள் நீதியுள்ளவர், பாவத்தைத் தண்டிக்கிறவர், திரும்பி வருகிறவனைச் சேர்த்துக்கொள்ளுகிறவர் என்று எந்தப் பிரசங்கியும் சொல்லக்கூடியவற்றையே அவர்களும் சொன்னார்கள். ஆயினும் 42 அதிகாரங்கள் கொண்ட அந்நூலின் முடிவில் கடவுளுடைய கோபம் அவர்கள்மேலேயே மூண்டது. தம்மை வழக்குக்கு இழுப்பவனைப் போலக் கதறிய யோபுவே தம்மைப் பற்றிச் சரியாகப் பேசினான் என்று அவர் தீர்ப்பளித்தார். இத்தனைக்கும் யோபு, முதல் அடி விழுந்தபோதே, கொடுத்தவரும் எடுத்தவரும் ஒருவரே என்று பணிந்து நின்றவன். அவன் தன் வாயால் சொன்னபோது ஆராதனையாக இருந்த உண்மை, அவனை நோக்கிப் பிறர் சொன்னபோது குற்றச்சாட்டாக மாறிவிட்டது. தேவ சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது நோயுற்றவன் தன் வாயால், தன் வேளையில் சொல்ல வேண்டிய சொல். நலமாயிருப்பவன் முந்திக்கொண்டு அதை அவனுக்காகச் சொல்லிவிடலாகாது. திருச்சபையின் சரித்திரத்தை எத்தனை முறை புரட்டினாலும் எனக்கு இந்த எண்ணமே உறுதிப்படுகிறது. பின்வருவனவற்றையும் இதைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

எசேக்கியா ராஜா மரணத் தறுவாயில் கிடந்தபோது, ஏசாயா தீர்க்கதரிசி வந்து இனிப் பிழைக்கமாட்டாய் என்று அறிவித்தார். ராஜா சுவர்ப்புறமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுது மன்றாடினான். அவன் ஆயுளோடு 15 வருஷம் கூட்டப்பட்டது. வரம் கிடைத்த பிறகும் அதே தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் வைக்கச் சொன்னார் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். தெய்வ வாக்கையும் மருந்துக் கட்டையும் அவர் ஒன்றுக்கொன்று விரோதமாக எண்ணவில்லை. தாவீதோ, குழந்தை நோயுற்றிருந்த ஏழு நாளும் உபவாசித்துத் தரையில் கிடந்தான். குழந்தை இறந்தபின் எழுந்து ஸ்நானம் செய்து, ஆலயத்தில் பணிந்து, வீடு திரும்பி உணவு கொண்டான். 88ஆம் சங்கீதம் புலம்பலாகத் தொடங்கி, மற்றப் புலம்பல்களைப் போலத் துதிக்குத் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது; அதையும் பரிசுத்த நூலுக்குள் வைத்துக் காத்து வந்த முன்னோர், நம்பிக்கைக்கு எப்போதும் மலர்ந்த முகம் வேண்டுமென்று கருதவில்லை என்பது தெளிவு. இயேசுநாதர் லாசருவை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் அவன் கல்லறை அருகே கண்ணீர் விட்டார். கெத்செமனேயிலோ, பாத்திரம் நீங்க வேண்டுமென்று முதலில் மன்றாடிய பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புவித்தார். அந்த வரிசை முக்கியமானது என்று எண்ணுகிறேன். மன்றாட்டைத் தாண்டிக் குதித்து நேரே பணிவுக்குப் போய்விடும்படி நோயாளியைத் தூண்டுகிறவர்கள், ஆண்டவரே நடந்த வழியைவிடக் குறுக்கு வழி ஒன்றை அவனுக்குக் காட்டுகிறார்கள். பவுலும் தம் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று முறை கேட்டு, நீங்காமலே வாழ்ந்தவர். துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாய் விட்டு வந்ததாக எழுதும்போது, அவனுடைய விசுவாசத்தைக் குறைத்து ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் ரோம சாம்ராஜ்யத்தைக் கொள்ளைநோய் வாட்டியது. கார்த்தேஜ் நகரத்து மேற்றிராணியாராகிய சிப்ரியான் அப்போது எழுதிய சிறு நூலிலிருந்து, அவருடைய சபையாரைக் கலக்கிய சந்தேகம் இன்னதென்று தெரிகிறது. விக்கிரக ஆராதனைக்காரரைப் போலவே கிறிஸ்தவர்களும் சாகிறார்களே, விசுவாசத்தால் வந்த பயன் என்ன என்று அவர்கள் கேட்டார்கள். மாம்சத்தில் இருக்கும்வரை மனித குலத்துக்குப் பொதுவான துன்பங்களில் கிறிஸ்தவனுக்கும் பங்கு உண்டு என்பது அவர் தந்த விடை. எளிமையான விடைதான், ஆனால் அதை மறந்த சபைகளே பின்னாளில் பெரிய மோசங்களுக்கு ஆளாயின. நோயுற்ற அந்நியரையும் பராமரிக்கும்படி அவர் தம் சபையாரை ஏவினார் என்பதையும் அவருடைய சரித்திரக்காரர் குறித்திருக்கிறார். இறந்தவருக்காகத் துக்க உடை தரிக்க வேண்டாம் என்றும் சிப்ரியான் போதித்தார். சில ஆண்டுகளில், 258இல், தாமே வாளுக்குத் தலை கொடுத்தவர் அவர்; ஆகையால் அச்சொல்லில் போலித்தனம் இல்லை. எனினும் அழுகிற தாய்க்கு அது கடினமான போதனை என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தக் கடினத்தைத் தளர்த்தியவர் அதே வட ஆப்பிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன். 387ஆம் ஆண்டு, ஊர் திரும்பும் வழியில், ஒஸ்தியா துறைமுகத்தில் அவர் தாய் மோனிக்கா காய்ச்சலில் விழுந்து ஒன்பதாம் நாள் இறந்தார். கணவனுக்குப் பக்கத்தில் தமக்கென்று கல்லறை இடம் ஒதுக்கி வைத்திருந்த அந்த அம்மையார், கடைசியில் தம் உடலை எங்கே வேண்டுமானாலும் அடக்கம் செய்யலாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். மகனோ, தாய் கர்த்தரிடம் சென்றிருக்க அழுவது விசுவாசத்துக்கு இழுக்கு என்று கருதிக் கண்ணீரை அடக்கினார், குளித்தால் துக்கம் நீங்கும் என்று கேள்விப்பட்டுக் குளித்தும் பார்த்தார், நீங்கவில்லை. பிறகு ஓர் இரவு உறங்கி விழித்துத் தனிமையில் அழுதார். அப்படி அழுததைத் தம் நூலில் எழுதி வைத்து, அதைப் பாவமென்று எண்ணுகிறவர் தமக்காகவும் அழட்டும் என்று விட்டுவிட்டார். அவருடைய சொந்த மரணம் 430இல், வண்டாலியர் ஹிப்போ நகரத்தை முற்றுகையிட்டிருந்த சமயத்தில் நேர்ந்தது. அவருடைய மாணாக்கர் பொசிடியஸ் எழுதியிருப்பதைப் படிக்கும்போது அந்த அறையையே நேரில் காண்பது போலிருக்கிறது: மனந்திரும்புதலைப் பற்றிய தாவீதின் சங்கீதங்களை எழுதச் செய்து, அந்தத் தாள்களைப் படுக்கைக்கு எதிரே சுவரில் பதிக்கச் சொன்னார், கிடந்தபடியே அவற்றை வாசித்து அழுதார், வைத்தியர் வரும் வேளையிலும் உணவு கொண்டுவரும் வேளையிலுமன்றி எவரும் உள்ளே வரவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, ஏறத்தாழப் பத்து நாள் அப்படியே இருந்தார். தேவ பராமரிப்பைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதிய மனிதர், தம் முறை வந்தபோது விளக்கத்தை நாடாமல் ஜெபத்தையே நாடினார். வைத்தியருக்குக் கதவைச் சாத்தவும் இல்லை.

இடைக்காலத்தில் நல்மரணத்துக்கு ஆயத்தப்படுத்தும் கைந்நூல்கள் எழுந்தன. அவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறாம் நூற்றாண்டில் இக்கேள்வி புதிய கூர்மை பெற்றது. 1527இல் விட்டன்பர்க் நகரத்தில் கொள்ளைநோய் பரவி, சர்வகலாசாலையே யெனாவுக்கு இடம் மாறியபோது, லூத்தர் அங்கேயே தங்கித் தம் வீட்டை நோயாளருக்குத் திறந்துவிட்டார். கொள்ளைநோயிலிருந்து ஓடலாமா என்று கேட்ட பிரெஸ்லாவ் நகரத்துக் குருமாருக்கு அவர் எழுதிய விடை, இன்றும் ஒவ்வொரு சபையிலும் வாசிக்கத் தக்கது. பிறருக்குக் கடமைப்பட்டவன் ஓடக்கூடாது. கடமையில்லாதவன் ஓடினால் குற்றமில்லை. தங்குகிறவனோ மருந்து உண்டு, வீட்டைப் புகையிட்டுச் சுத்தப்படுத்தி, வேண்டாத இடங்களை விலக்க வேண்டும். கடவுள் காப்பார் என்று சொல்லி இவற்றை அலட்சியம் செய்கிறவன் கடவுளை நம்பவில்லை, அவரைச் சோதிக்கிறான் என்பது அதன் சாரம். ஜெனீவாவில் கால்வினும், நம் வாழ்நாளுக்கு எல்லை குறித்தவரே அதைப் பாதுகாக்கும் பொறுப்பையும் நம் கையில் கொடுத்திருக்கிறார் என்று போதித்தார். தேவனுடைய சர்வ ஆளுகையை அவரைவிட அழுத்தமாகப் போதித்தவர் அரியர். அவரே 1564இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், மோன்பெலியே நகரத்து வைத்தியர்களுக்குத் தம் நோய்களையெல்லாம் ஒவ்வொன்றாக விவரித்துக் கடிதம் எழுதினார். தேவ சித்தத்தை நம்புகிறவன் மருத்துவமனைக்குப் போகலாமா என்று இன்றைக்கும் நம்மிடையே கேட்பவர்களுக்கு அந்த ஒரு கடிதமே போதுமான விடை.

அக்காலத்துப் போதனையின் கனிந்த வடிவத்தை 1563இல் வெளியான ஹைடல்பர்க் வினாவிடையில் காணலாம். வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் எது என்று அது தொடங்குகிறது. நான் எனக்குச் சொந்தமானவனல்ல, என் இரட்சகருக்குச் சொந்தமானவன் என்ற கருத்தை விடையாகத் தருகிறது. பின்னொரு விடையில், ஆரோக்கியமும் வியாதியும் தற்செயலாய் வருவனவல்ல, தகப்பனின் கையிலிருந்தே வருகின்றன என்கிறது. இப்போதனை உயர்ந்ததேயாயினும் ஆபத்தும் உடையது. நோயைத் தகப்பனின் கை என்று நோயாளி தானே உணரும்போது அதில் இளைப்பாறுகிறான். பக்கத்தில் நிற்பவன் அதையே சுட்டிக்காட்டும்போது அக்கை அவனுக்கு அடிக்கும் கையாகவே தோன்றக்கூடும். அந்த வினாவிடையை இயற்றியவர்கள் அந்த முதல் விடை முழுவதையும் தன்மையிடத்திலேயே அமைத்ததை நான் பெரிய ஞானமாகக் கருதுகிறேன்.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட யாத்திரைக் கதை, எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அதைத் தழுவி இயற்றி 1894இல் வெளியான 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தின் வழியாக நமக்கும் உரியதாயிற்று. பனியனுடைய கதையில் முடிவில் வரும் மரண நதியைக் கடப்பதற்குப் பாலம் இல்லை. வழியெல்லாம் பகைவரோடு போராடி வென்ற யாத்திரிகன் அந்த நீரில் இறங்கியவுடன் அமிழத் தொடங்குகிறான்; பாவ நினைவுகள் அவனைச் சூழ்கின்றன. உடன் வந்த தோழன் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டே கரை சேர்க்கிறான். அமிழ்ந்ததற்காக அவனை எவரும் வாசலில் மறிக்கவில்லை. மரண பயம் வந்துவிட்டதே, அப்படியானால் என் விசுவாசம் பொய்யோ என்று கடைசி நாட்களில் கலங்கும் முதியவர்களுக்கு இப்பகுதியை வாசித்துக் காட்டுவது நலம்.

இனி நம் நாட்டுச் சபைகளை அதிகமாகப் பாதிக்கும் பகுதிக்கு வருவோம். நோயாளிக்காக மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டுமென்று யாக்கோபின் நிருபம் கூறுகிறது. காலப்போக்கில் கத்தோலிக்கத் திருச்சபையில் அச்சடங்கு மரணப்படுக்கைக்கே உரியதாகி, குருவானவர் எண்ணெயோடு வீட்டுக்குள் நுழைந்தாலே பெண்கள் கதறத் தொடங்கும் நிலை உண்டாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972இல், பாப்பரசர் ஆறாம் பவுல் அதைக் கடும் நோயுற்றோர் அனைவருக்கும் உரிய தேவ திரவிய அனுமானமாகத் திரும்பவும் ஒழுங்குபடுத்தினார். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவை நாடி வரும் கூட்டத்தைக் கண்டவர்கள், சுகத்துக்காக மன்றாடுவது மனித இருதயத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை அறிவார்கள். அந்த மன்றாட்டை நான் குறைத்துப் பேசவில்லை. எசேக்கியாவும் தாவீதும் பவுலும் செய்தது அதுவே. என் மனத்தைப் புண்படுத்துவது வேறொன்று. விசுவாசம் இருந்தால் சுகம் நிச்சயம் என்று சில மேடைகளிலிருந்து முழங்கும் போதனை, சுகம் கிடைக்காதவனை விசுவாசம் இல்லாதவன் என்ற தீர்ப்போடு வீட்டுக்கு அனுப்புகிறது. ஏற்கெனவே புற்றுநோயைச் சுமப்பவள் தலைமேல் குற்ற உணர்ச்சியையும் ஏற்றி வைக்கிறது. மாத்திரையையும் இன்சுலின் ஊசியையும் நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று ஏழைகள் தூண்டப்படும்போது அது உயிருக்கே உலை வைக்கிறது. தேவனுடைய ஆளுகையைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டே, அந்த ஆளுகையை நோயாளியின் மனவுறுதிக்கு அடிமையாக்குகிற போதனை இது. யோபுவின் சிநேகிதர்கள் செத்துப் போய்விடவில்லை, ஒலிபெருக்கியோடு வந்திருக்கிறார்கள்.

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து டோனாவூரில், இதற்கு முற்றிலும் மாறான சாட்சி ஒன்று உண்டு. அயர்லாந்து தேசத்தில் 1867இல் பிறந்து, 1895இல் இந்தியா வந்து, கோயில்களுக்கு அர்ப்பணிக்கப்படும் அபாயத்திலிருந்த பெண்குழந்தைகளுக்குத் தாயாக விளங்கிய ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபர் 24ஆம் நாள் அந்திப்பொழுதில், களக்காட்டில் வேலை நடந்துகொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற இடத்தில், புதிதாக வெட்டப்பட்டிருந்த குழியில் தவறி விழுந்தார். கால் முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று எல்லோரும் எண்ணினார்கள். உபத்திரவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடி, 1951 ஜனவரி 18இல் இறக்கும் வரையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே கிடந்தார். சுகம் வேண்டி ஜெபிக்காதவரல்லர். டோனாவூரில் மருத்துவமனை எழுப்ப முன்னின்றவரும் அவரே. அந்த அறையிலிருந்து அவர் எழுதிய நூல்களுள் 1933இல் வெளியான 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்', நோயாளிகளுக்கு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நோயுற்றோருக்கென்று தமக்கு வந்த சிறு பிரசுரங்கள் நலமாயிருப்பவர்களால் எழுதப்பட்டவையாதலால் தமக்கு உதவவில்லை என்று அதில் அவர் வெளிப்படையாகக் கூறுகிறார். ஆயுள் முழுதும் தேவ சித்தத்தைப் போதித்தவர் சொன்ன சொல் இது என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. தம் கல்லறைக்குக் கல் வைக்கக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டபடியால், பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை அங்கே அமைத்து, அதில் 'அம்மை' என்று மட்டும் பொறித்தார்கள் அவர் பிள்ளைகள்.

இங்கிலாந்தில் சி. எஸ். லூயிஸ் என்பவரின் இரண்டு நூல்களும் இதே பாடத்தை வேறு வகையில் உணர்த்துகின்றன. 1940இல் வேதனையின் பிரச்சினையைப் பற்றி அவர் எழுதிய நூல் தெளிவான தர்க்கம் உடையது. மனைவி 1960இல் புற்றுநோயால் இறந்தபின் புனைபெயரில் வெளியிட்ட குறிப்புகளிலோ, கதவு அடைக்கப்பட்டு உள்ளே தாழிடப்பட்டதைப் போலக் கடவுள் மௌனமாயிருப்பதாகக் கதறுகிறார். முதல் நூலை இரண்டாவது பொய்யாக்கிவிட்டது என்று சிலர் சொல்லுவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு பிறருக்குச் சொன்னதைத் தன் வாயால் சொல்லக் கற்றுக்கொள்ளும் ஒருவரின் திணறலையே அக்குறிப்புகளில் காண்கிறேன்.

அப்படியானால் பக்கத்தில் நிற்பவன் செய்யக்கூடியது என்ன? பிறருடைய மரணத்தில் தேவ சித்தத்தைக் காணத் துணிகிறவன் அதில் தனக்குரிய கட்டளையைத்தான் காண வேண்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் வைத்தியரை வீட்டுக்குள் விட மறுத்த மூன்று குடும்பங்களில் மூன்று இளம் தாய்மார் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், எல்லாம் தேவ சித்தம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900இல் திரும்பினாள். வேலூரில் 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், மரணத் தறுவாயில் இருந்த போலந்து நாட்டு யூதர் ஒருவர் விட்டுச்சென்ற 500 பவுண்டை முதலாக வைத்துக்கொண்டு, பல்லாண்டு உழைத்து 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். வலி தலைதூக்கும் வரை காத்திராமல் குறித்த நேரந்தோறும் வலிநீக்கி மருந்தைக் கொடுத்து, நோயாளியின் மனத்தையும் குடும்பத்தையும் ஆத்துமாவையும் சேர்த்துப் பேணும் முறையை அவர் உலகுக்குக் கற்பித்தார். வேதனையால் துடிக்கிறவன் ஜெபிக்கவும் இயலாதவன். அவனுக்கு மார்ஃபின் மருந்து கொடுப்பது அவன் வாய்க்கு அவனுடைய சொல்லைத் திருப்பிக் கொடுப்பதாகும்.

சொல்லவே இயலாதவர்களைப் பற்றி என்ன சொல்வது? பிறந்த சில நாளில் இறக்கும் குழந்தை, நினைவு தப்பிக் கிடக்கும் முதியவர், துக்கத்தால் நாவெழாத பெற்றோர் ஆகியோர் தேவ சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுப்பது எவ்வாறு? இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. லூத்தருடைய வீட்டில் நிகழ்ந்த ஒன்றை மட்டும் காட்ட முடியும். 1542 செப்டம்பரில் அவருடைய மகள் மக்தலேனா 13 வயதில் மரணப்படுக்கையில் கிடந்தாள். இங்கே இந்தத் தகப்பனோடு இருக்க விரும்புகிறாயா, அங்கே அந்தத் தகப்பனிடம் போகச் சம்மதமா என்று அவர் அவளைக் கேட்டார். கடவுள் சித்தப்படி ஆகட்டும் என்று அச்சிறுமியே விடை சொன்னாள். அவர் அதைக் கற்பிக்கவில்லை, கேட்டார் என்பது கவனிக்கத் தக்கது. கட்டிலருகே முழங்காலிட்டு அழுதுகொண்டிருந்த அவருடைய கைகளிலேயே அவள் உயிர் பிரிந்தது. மூன்று நாள் கழித்து நண்பர் யுஸ்தூஸ் யோனாஸுக்கு எழுதிய கடிதத்தில், மகள் நல்ல முடிவை அடைந்ததற்காகத் தாமும் மனைவியும் கடவுளுக்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருந்தும், பாசத்தின் பலத்தால் அழாமல் அதைச் செய்ய இயலவில்லை என்று ஒப்புக்கொண்டு, எங்களுக்குப் பதிலாக நீர் நன்றி செலுத்தும் என்று லூத்தர் கேட்டுக்கொண்டார்.